கடித்துவைத்த ரொட்டி

தாஷ்கண்ட், மே 24, 2004

அக்கா,

நீ ரொட்டி திருடினாய். நான் பார்த்தேன். பேருந்து திரும்பும்போது பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உங்கள் மாவட்டத்தை ஆட்டிவைக்கும் அதிகாரி, துணை ஹாகிம் நோர்மத்தின் வீட்டுப் பின்வாசலில் தலைத்துணியை அவிழ்த்தாய், ரொட்டியை அதில் சுற்றினாய், பருத்திக் காட்டுப் பக்கமாக விறுவிறுவென்று நடந்தாய். அதுவும் சாதாரண ரொட்டி அல்ல, விருந்தாளி கடித்துவைத்த ரொட்டி.

சலாம் சொல்ல மறந்துவிட்டேன். அஸ்ஸலாமு அலைக்கும். உன் உடம்பு எப்படி, உன் மாமியாரின் முட்டி வலி எப்படி, சோபிர் மச்சான் எப்படி? கேட்டாயிற்று. இனி நான் கத்தலாம்.

மொழிபெயர்ப்பாளனாக எனக்கு இது முதல் பயணம். கல்லூரியில் மூன்று வருடம் ஆங்கிலம் படித்தது இதற்குத்தான் என்று குதித்துக்கொண்டு வந்தேன். ஏழு வெளிநாட்டுக்காரர்கள். 'உண்மையான உழவர் குடும்பத்தோடு ஒரு பகல்' என்று எங்கள் கம்பெனி விளம்பரம் போட்டிருந்தது. தோஷ்கோல் மாவட்டம் என்றதும் அக்காவைப் பார்த்துவிடலாம் என்று எனக்கு முந்தின நாள் முழுக்கச் சோறு இறங்கவில்லை. வந்தால், முன்னால் போலீஸ் வண்டி. வழியெல்லாம் சுவர்களுக்குச் சாலைப் பக்கம் மட்டும் புதுச் சுண்ணாம்பு. இறங்கினால், நோர்மத் கோடுபோட்ட அங்கியும் தொப்பியும் மாட்டிக்கொண்டு உழவன் வேஷத்தில் நிற்கிறான். மண்வெட்டியைத் தொட்டுப் பல வருஷம் ஆன கை. தந்தூர் அடுப்புக்குப் பக்கத்தில் நீ.

"இது என் சம்சாரம். ரொட்டி சுடுறதுல மாவட்டத்துக்கே கெட்டிக்காரி. அவங்ககிட்டச் சொல்லுங்க தம்பி."

என் சொந்த அக்காவை இன்னொருவன் பெண்டாட்டி என்று என் வாயாலேயே சொன்னேன். நீ மாவுக் கையோடு நிமிர்ந்து, கண்ணாலேயே 'வாயை மூடு' என்றாய். மூடினேன். நான் உன் தம்பி என்பது அந்த ஆளுக்கு இன்றைக்கும் தெரியாது.

ஹானா என்று ஒரு செக் நாட்டு அம்மாள், நெட்டை, நரைத்த தலை, எல்லாவற்றையும் கேட்பவள், எத்தனை குழந்தைகள் என்று கேட்டாள். நோர்மத் "நாலு" என்றான். அதே நொடியில் நீ "மூணு" என்றாய். 'மூன்று, நாலாவது வயிற்றில்' என்று மொழிபெயர்த்தேன். எல்லோரும் உன் வயிற்றைப் பார்த்துக் கைதட்டினார்கள். என்னை மன்னித்துவிடு, வேறு வழி தெரியவில்லை.

கிளம்பும்போது அவன் பேசிய பேச்சு: "எங்க வழக்கம்ங்க. பயணம் போறவங்க ஒரு வாய் கடிச்சு வச்சுட்டுப் போகணும். மிச்சத்தைச் சுவத்துல தொங்கவிடுவோம். எந்த வீட்டுல தொங்குதோ அந்த வீட்டுக்குத் திரும்பி வந்தே ஆகணும்." மற்றவர்கள் சிரித்துப் படம் எடுத்தார்கள். ஹானா மட்டும் நிஜமாகவே கடித்தாள். முன்பல் இடைவெளி பெரிது அவளுக்கு. கடித்த இடத்தில் நடுவே ஒரு சின்ன வரப்பு நின்றது.

அந்த ரொட்டியை ஏன் எடுத்தாய்? மச்சான் இருக்கும்போது நீ ஏன் இன்னொருவன் பெண்டாட்டியாக நின்றாய்? வண்டிக்காரர் முரோத் வியாழக்கிழமை திரும்புகிறார். அவரிடம் பதில் கொடுத்தனுப்பு.

உன் கைக்கு முத்தம்.
எல்யோர்


தோஷ்கோல், ஜூன் 3

தம்பி எல்யோர்,

வ அலைக்கும் ஸலாம். நான் நலம். மாமியார் முட்டி வலியோடு நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? அன்றைக்குப் பார்த்தபோது சட்டைக்குள் நீ இருக்கிறாயா என்றே தெரியவில்லை.

திருட்டு என்று எழுதாதே. பிசைந்தது நான், சுட்டது நான். மாவு மட்டும்தான் அவனுடையது. மாவைக் கேட்டு வரட்டும், அளந்து கொடுக்கிறேன்.

எங்கள் மேட்டு வயலைப் பற்றி உனக்குச் சொல்லவில்லை. மற்ற இடமெல்லாம் உத்தரவுப்படி பருத்திதான் போட்டோம். மேட்டு வயல் மணல். பருத்தி அதில் முழங்கால் உயரம் வந்து செத்துப்போகும். அதனால் இவர் அதில் முலாம்பழம் போட்டார். விதை முளைத்து இரண்டாம் இலை விட்ட சமயம். நோர்மத் இரண்டு டிராக்டரோடு வந்தான். "பருத்தி போடச் சொன்ன இடத்துல பழம் போட்டா நிலம் உன்னுது இல்ல" என்றான். எங்கள் கண் முன்னாலேயே உழுது புரட்டிவிட்டு, நிலத்தையும் எடுத்துக்கொண்டான். சரி, பருத்தியாவது போட்டானா? இல்லை. தண்ணீரை அடைத்துவிட்டான். இப்போது புல் முளைத்துக் கிடக்கிறது. அதற்குத்தான் அந்த ஆட்டம்.

பிறகு ஒருநாள் வந்தான். "வெளிநாட்டு விருந்தாளிங்க வர்றாங்க. என் வீட்டுக்காரிக்கு ரொட்டி சுட வராது, வாயத் திறந்தா தங்கப் பல்லு வேற. உழவன் பெண்டாட்டின்னு யாரும் நம்பமாட்டாங்க. நீ ஒரு பகல் சிரிச்சுக்கிட்டு நில்லு, மேட்டு வயலைத் திருப்பித் தர்றேன்."

நின்றேன். சிரித்தேன். பேருந்துச் சத்தம் அடங்குமுன் "வயல்?" என்று கேட்டேன். "பார்க்கலாம்" என்றான். அந்தப் 'பார்க்கலாம்' என் காதில் விழுந்தபோது ரொட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, எடுத்துக்கொண்டேன். இப்போது எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. அந்த வீட்டிலிருந்து வெறுங்கையோடு வரக்கூடாது என்று மட்டும் தோன்றியது.

எனக்கு அந்த வயல் வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

இவர் வேலையாக இருக்கிறார். உனக்கு சலாம் சொல்லச் சொன்னார்.

உன் அக்கா
ஹுல்கர்


தாஷ்கண்ட், ஜூன் 15

அக்கா, சலாம். நான் சாப்பிடுகிறேன். நீ?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அறைக் கதவை உதைத்தேன். கதவு பெயர்ந்துவிட்டது, விடுதிக்காரர் திட்டினார். நான் தோஷ்கோலுக்கே வந்து அந்த ஆளின் தொப்பியைச் சந்தையில் வைத்துக் கழற்றுகிறேன். பழத்தை உழுது புல்லை வளர்க்கிறவனுக்குத்தான் இந்த நாட்டில் நாற்காலி. அவன் உழவன் வேஷம் போட்டதற்கு நான் விளக்கவுரை சொல்லிக் கூலி வாங்கியிருக்கிறேன், அதை நினைத்தால் இன்னும் எரிகிறது.

ஒன்று கேட்கிறேன். வயல் போய்விட்டது என்கிறாய். மச்சான் வேலையாக இருக்கிறார் என்கிறாய். என்ன வேலை? எங்கே? டிராக்டர் வந்தபோது அவர் என்ன சொன்னார்? அவர் கொதிக்காமல் இருக்கிற ஆள் இல்லையே.

உடனே எழுது.
எல்யோர்


தோஷ்கோல், ஜூலை 8

தம்பி,

ஸலாம். தாமதத்துக்குக் கோபிக்காதே. பருத்திக்குக் களை எடுக்கப் போகிறேன், வீடு வந்தால் விரல் மடங்குவதில்லை. மாமியார் நலம். நான் நலம்.

யாருடைய தொப்பியையும் கழற்றாதே. படிப்பை முடி. நமக்கு இருப்பது நாம் இரண்டு பேர்தான், அதில் ஒருவன் ஜெயிலில் இருக்கவேண்டாம்.

நோர்மத்திடம் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். "நாளைக்கு" என்கிறான். அவனுடைய நாளை எந்த வாரத்தில் வருகிறதென்று தெரியவில்லை.

இங்கே கத்தரிக்காய் காய்த்துத் தள்ளுகிறது. முரோத்திடம் ஒரு பை கொடுத்தனுப்பியிருக்கிறேன். மச்சான் சலாம் சொன்னார்.

ஹுல்கர்


தாஷ்கண்ட், ஜூலை 19

சுயுஞ்சி, அக்கா, சுயுஞ்சி! முதலில் எனக்கு என்ன பரிசு என்று சொல், அப்புறம்தான் நல்ல செய்தி. சரி, கத்தரிக்காயைப் பரிசாக வைத்துக்கொள்கிறேன். சலாம், நலம், எல்லாம் கடைசியில்.

ஹானா வருகிறாள். செப்டம்பரில். ரொட்டி தின்பதற்கு!

நேற்றுக் கம்பெனிக்கு அவள் கடிதம் வந்தது. முதலாளி என்னை அழைத்துப் படிக்கச் சொன்னார். 'நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். என் ரொட்டி பத்திரமாக இருக்கிறதா? எறும்பு வரவில்லையே?' என்று கேட்டிருக்கிறாள். நிஜமாகவே கேட்டிருக்கிறாள், அக்கா. நம் ஆட்கள் எல்லா வெளிநாட்டுக்காரர்களிடமும் சொல்கிற வசனத்தை ஒரே ஒருத்தி நம்பியிருக்கிறாள். கடித்த ரொட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் படத்தையும் வைத்திருக்கிறாள். அந்தப் படம் அவள் ஊர்ப் பத்திரிகையில் வந்திருக்கிறது. முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. மாகாண ஹாகிம் வரைக்கும் சொல்லிவிட்டார். தொலைக்காட்சி வருமாம்.

இந்நேரம் நோர்மத்துக்கும் ஆள் போயிருக்கும். அவன் வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பான். எனக்கு இங்கே உட்காரப் பிடிக்கவில்லை. அவன் முகத்தைப் பார்க்க ஒரு வருடப் படிப்பைக் கொடுக்கலாம்.

பிடியை விடாதே. உடம்பைப் பார்த்துக்கொள். மச்சானிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு, அவர் சிரிக்கிற சிரிப்பை எழுது.

எல்யோர்


தோஷ்கோல், ஜூலை 31

என் தம்பிக்கு,

ஸலாமும் ஆயிரம் முத்தமும். நாங்கள் நலம், மிகவும் நலம். மாமியாருக்கு முட்டி வலியே போய்விட்டது. ஏன் என்று கேள்.

நோர்மத் வந்தான். வெள்ளைக் காரில். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ரொட்டி எங்க?"

"எந்த ரொட்டி, நோர்மத்து? உக்காரு, டீ குடி" என்றார் மாமியார்.

"அந்த வெள்ளைக்காரி கடிச்சது."

"அதோ, சுவத்துல."

எட்டிக் கையை நீட்டினான். மாமியார் தடியை எடுத்து அவன் மணிக்கட்டில் வைத்தார். அடிக்கவில்லை. வைத்தார்.

"கையை இறக்கு. கடிச்சவங்க வர்றதுக்கு முந்தி அதை எடுத்தா, போனவங்க போன வழியிலேயே போயிடுவாங்க. உங்கம்மா உனக்குச் சொல்லித் தரலையா, இல்ல ஹாகிம் ஆபீஸ்ல மறக்கச் சொல்லிட்டாங்களா?"

கை இறங்கியது, எல்யோர். நான் பார்த்தேன். அடுத்தவன் நிலத்தை உழக் கூசாத கை, ஒரு காய்ந்த ரொட்டிக்கு முன்னால் இறங்கியது.

"சரி. வேற ஒண்ணு சுட்டுக் குடு. யாராவது கடிச்சுக்கட்டும்."

"யாரு கடிப்பா? உங்க வீட்டுக்காரி கடிச்சா மாவுல தங்கம் ஒட்டிக்குமே" என்றேன் நான்.

பிறகு அவன் சமையல்காரி வந்து சொன்னதைக் கேள். வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து ரொட்டி கடிக்கச் சொன்னானாம். டிரைவர், மனைவி, காவல்காரன், மைத்துனன். பத்திரிகைப் படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தானாம். நடுவில் அந்த வரப்பு யாருக்கும் வரவில்லை. மைத்துனனுக்குப் பல்லே ஆடிவிட்டதாம். இரண்டு நாள் ரொட்டியும் தயிருமாகவே எல்லோரும் சாப்பிட்டார்களாம். நானும் மாமியாரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

வந்த அன்றைக்கே அவனிடம் சொன்னேன்: "மேட்டு வயலைக் குடுங்க. ரொட்டி இங்கேயே இருக்கும், அந்தம்மா இங்கேயே சாப்பிடுவாங்க. நீங்க பக்கத்துல உக்காந்து டிவியில வாங்க, நான் தடுக்கல."

"பொம்பளைகிட்ட நான் பேரம் பேசறதில்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

போகட்டும். செப்டம்பர் அவனுக்காக நிற்காது.

மச்சான் சலாம்.
ஹுல்கர்


தாஷ்கண்ட், ஆகஸ்ட் 12

அக்கா, சலாம்.

உன் கடிதத்தை விடுதியில் சத்தமாகப் படித்தேன். தங்கப் பல் வந்ததும் பையன்கள் கட்டிலிலிருந்து விழுந்தார்கள். உன் மாமியாரின் தடிக்கு என் சலாம்.

ஹானாவுக்குப் பதில் போட்டுவிட்டோம்: ரொட்டி பத்திரம், எறும்பு இல்லை. அவள் டிக்கெட் வாங்கிவிட்டாள். செப்டம்பர் 19.

ஆனால் மறுபடி மறுபடி படித்தேன். நோர்மத் வருகிறான். நீ பேசுகிறாய். உன் மாமியார் பேசுகிறார். சமையல்காரிகூடப் பேசுகிறாள். பொம்பளையிடம் பேரம் இல்லை என்றால் அவன் யாரிடம் பேசவேண்டும்? அந்த வீட்டில் ஓர் ஆண் இருக்கிறாரே, அவர் அந்த நேரம் எங்கே நின்றார்? மச்சான் சலாம், மச்சான் சலாம் என்று எல்லாக் கடிதத்திலும் ஒரே இரண்டு சொல். அவர் என்னோடு கோபமா?

எல்யோர்


தோஷ்கோல், ஆகஸ்ட் 28

சுயுஞ்சி! இந்தத் தடவை என் முறை. பரிசை வண்டியில் அனுப்பு, கனமாக இருக்கட்டும்.

மேட்டு வயல் எங்களுக்கு!

மாகாணத்திலிருந்து ஓர் ஆள் வந்து, விருந்து எந்த வீட்டில் என்று பார்க்கவேண்டும் என்றானாம். நோர்மத்துக்கு வேறு வழியில்லை. நேரே இங்கே வந்தான். நான் அவனை உள்ளே கூப்பிடவில்லை. தெருவில் நிற்கவைத்து, அக்கம்பக்கத்துப் பெண்களையெல்லாம் கூப்பிட்டேன். "இப்பச் சொல்லுங்க" என்றேன். எல்லோர் முன்னாலும் சொன்னான்: "மேட்டு வயல் சோபிர் வீட்டுக்கே." வாய்க்குள் முணுமுணுத்தான். "கேக்கலையே" என்றாள் பக்கத்து வீட்டு மொஹிரா. இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னான்.

அடைப்பைத் திறந்தது நான்தான். தண்ணீர் முதலில் தயங்கியது, புல்லுக்குள் நுழைந்தது, பிறகு காய்ந்த மண் குடிக்கும் சத்தம் கேட்டது. தெருவே மண்வெட்டியோடு வந்து புல்லைப் புரட்டியது. நான் பெரிய கொப்பரையில் பிலாவ் வைத்தேன். மாமியார் வரப்பில் உட்கார்ந்து எல்லோரையும் வைதுகொண்டிருந்தார். "ஆழமா வெட்டுடி, தலையா சொறியற?" என்று மொஹிராவைக் கேட்டார். குளிர்கால வெங்காயம் விதைத்துவிட்டேன். அது பனியைத் தாங்கும்.

எழுத்தில் மாற்றுவது விருந்துக்குப் பிறகு என்கிறான். இருக்கட்டும். மண் கையில் இருக்கிறது.

என் விரல் நகமெல்லாம் சேறு, கடிதத்தில் பட்டிருக்கும். துடைக்காதே, நம் வயல்.

ஹுல்கர்


தாஷ்கண்ட், செப்டம்பர் 26

அக்கா,

சலாம். நலமா என்று கேட்கமாட்டேன். நான்கு மாதமாக நீ எழுதிய நலமெல்லாம் என்ன நலம் என்று இப்போது தெரிந்துவிட்டது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன், இல்லாவிட்டால் அநியாயம். அந்தப் பகலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஹானா வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு, யாரையும் பார்க்காமல் நேரே சுவரிடம் போனாள். தன் ரொட்டியைக் கண்டதும் கைகொட்டினாள். கடித்த இடத்து வரப்பை விரலால் தொட்டு, நாக்கால் தன் பல் இடைவெளியைத் தடவிப் பார்த்தாள். நீ தேநீரில் நனைத்துக் கொடுத்தாய், கல் போல் இருந்ததைக் கடைசித் துணுக்குவரை தின்றாள். தொலைக்காட்சிக்காரன் அழுதுவிட்டான். நோர்மத் இந்தத் தடவை நிஜ அதிகாரி வேஷத்தில், கழுத்துப்பட்டியோடு, மூலையில் இருந்தான். "போன தடவை நீங்கதான இவங்க வீட்டுக்காரர்?" என்று ஹானா கேட்டாள். அதை நான் எவ்வளவு சந்தோஷமாக மொழிபெயர்த்தேன் தெரியுமா! அவன் தேநீர் புரைக்கேறி இருமினான். உன் மாமியார் அவன் முதுகில் தட்டினார், கொஞ்சம் பலமாகவே.

அப்போதுதான் ஹானா சுவரைக் காட்டிக் கேட்டாள்: "பக்கத்துல இன்னொரு ரொட்டி தொங்குதே, அது யாரோடது?"

நான் அதுவரை பார்க்கவில்லை. மச்சான் சந்தைக்குப் போயிருக்கிறார் என்று காலையில் நீ சொன்னதை நம்பி, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய கடி. பாதிக்கு மேல் காணோம். கேள்வியை உன்னிடம் சொன்னேன். நீ என்னைப் பார்க்காமல் ஹானாவைப் பார்த்துச் சொன்னாய்: "ரஷ்யாவுக்குப் போனவரோடது."

அவள் காத்திருந்தாள். சொன்னேன். இந்தத் தொழிலில் நான் சொன்ன முதல் உண்மை அதுதான் என்று நினைக்கிறேன்.

இல்லாத மனிதரிடமிருந்து எனக்கு சலாம் அனுப்பிக்கொண்டிருந்தாய். ஏன்?

எல்யோர்


தோஷ்கோல், அக்டோபர் 5

தம்பி,

ஸலாம். நாங்கள் இரண்டு பேரும் நலம். இந்த முறை எண்ணிப் பார்த்தே எழுதுகிறேன், இரண்டு பேர்.

டிராக்டர் போன மறுநாள் நோர்மத்தை அடிக்கப் போனார். நாலு பேர் பிடித்து வாய்க்காலில் தள்ளினார்கள். ஈரத்தோடு வந்தவர் வீட்டில் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அந்த வாரமே ஊர் ஆட்களோடு கிளம்பினார். கட்டட வேலை. வாசலில் ரொட்டியை நீட்டினேன். பாதிக்கு மேல் ஒரே கடி. "மிச்சம் கொஞ்சமா இருந்தாச் சீக்கிரம் வந்துடுவேன்ல" என்று சிரித்தார், வாயில் ரொட்டியோடு. ஜூன் வரைக்கும் மொஹிரா வீட்டுத் தொலைபேசிக்குப் பேசினார். பிறகு இல்லை.

உன்னிடம் சொல்லியிருந்தால் புத்தகத்தை விட்டெறிந்துவிட்டு மண்வெட்டி பிடிக்க வந்திருப்பாய். இல்லை என்று சத்தியம் செய் பார்க்கலாம்.

ரொட்டி கேட்டு நோர்மத் முதலில் வந்தபோது சொன்னதில் ஒரு வரியை உனக்கு எழுதாமல் விட்டேன். போகும்போது இரண்டாவது ரொட்டியைக் காட்டினான். "ஆம்பளை இருந்தாக் கூப்பிடு, பேசுறேன். இல்லல்ல? அவன் பாக்கியும் அங்கதான தொங்குது." மாமியார் தடியைக் கீழே வைத்துவிட்டார். அவர் மகன் அல்லவா.

இப்போது கேள். விருந்து முடிந்தது, டிவியில் வந்துவிட்டான், மறுபடி பழைய நோர்மத். "எழுத்துல சோபிர் பேருதான். அவன் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். புது வருஷத்துக்குள்ள வரலைன்னா வயல் வேற ஆளுக்கு" என்கிறான். என் பெயரில் எழுதுங்கள் என்றேன். "புருஷன் விட்டுக்குடுத்தான்னு அவன் கையால எழுதிக் கொண்டா" என்கிறான். தெரிந்தேதான் சொல்கிறான். உழுதவள், தண்ணீர் கட்டியவள், விதைத்தவள் நான். அவனுக்கு வேண்டியது ரஷ்யாவில் இருக்கிற ஒரு கை.

வெங்காயம் பச்சை விட்டுவிட்டது. மயிர் போலத்தான் இருக்கிறது, ஆனால் வரிசை வரிசையாக. பார்த்தால் எனக்குக் குதிக்கவேண்டும் போலிருக்கிறது.

அவரைக் கண்டுபிடி.

ஹுல்கர்


தாஷ்கண்ட், அக்டோபர் 25

அன்புள்ள அக்கா,

சலாம். நலம், நலமே வேண்டுகிறேன்.

விசாரித்தேன். ரஷ்யாவில் சமாரா என்ற ஊரில் இருக்கிறார். உடம்பு நன்றாக இருக்கிறதாம். அவரோடு வேலை செய்து திரும்பிய ஒருவரை ரயிலடியில் பிடித்துப் பேசினேன். அவ்வளவுதான் தெரிந்தது.

விலாசம் இதோடு இருக்கிறது. நான் எழுதட்டுமா, நீ எழுதுகிறாயா?

குளிர ஆரம்பித்துவிட்டது. கம்பளிக் காலுறை போட்டுக்கொள்.

எல்யோர்


தோஷ்கோல், நவம்பர் 1

தம்பி,

ஸலாம். காலுறை போட்டிருக்கிறேன்.

நீ சின்ன வயதிலிருந்தே பாதிச் செய்திக்கு 'அவ்வளவுதான்' என்று சொல்கிறவன். கண்ணாடிக் குடுவையை உடைத்தபோதும் அப்படித்தான் சொன்னாய். 'அன்புள்ள அக்கா' என்று நீ எனக்கு எழுதியதே இல்லை. மீதியை எழுதாதே. எனக்கு இப்போது வேண்டியது வயல்.

நானே எழுதுகிறேன்.

ஹுல்கர்


தோஷ்கோல், டிசம்பர் 9

சோபிர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் உடம்பு நலமா? உங்கள் அம்மா நலம். நான் நலம். இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் சமாராவுக்குள் எங்கோ தொலைந்தன என்று வைத்துக்கொள்கிறேன். இதை அங்கே வேலைக்கு வரும் மொஹிராவின் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன், உங்கள் கையிலேயே கொடுப்பான்.

அங்கே உங்களுக்கு யார் ரொட்டி சுடுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. வாய்க்காலில் விழுந்ததற்கு வெட்கப்பட்டுத்தான் அங்கேயே இருக்கிறீர்களா என்றும் கேட்கவில்லை. அன்றைக்கு அவனை அடிக்கப் போன ஒரே ஆள் நீங்கள். தெரு அதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

சுயுஞ்சி. மேட்டு வயல் நம் கைக்கு வந்துவிட்டது. நோர்மத் தெருவில் நின்று இரண்டு தடவை சொன்னான். நீங்கள் இருந்திருந்தால் சிரித்துச் சிரித்து வயிறு வலித்திருக்கும். தண்ணீர் வந்தது, வெங்காயம் முளைத்தது. நேற்று முதல் பனி விழுந்தது. காலையில் போய் ஓர் இடத்தில் கையால் பனியை விலக்கிப் பார்த்தேன். அடியில் பச்சையாக இருக்கிறது. யாருமில்லாத வயலில் நான் சத்தம்போட்டுச் சிரித்தேன். வசந்தத்தில் ஒரு பாதியில் முலாம்பழம் போடப்போகிறேன். உழ வரட்டும், இந்தத் தடவை தெருவே வரப்பில் நிற்கும்.

உங்கள் ரொட்டி சுவரில் இருக்கிறது. பக்கத்து ஆணி காலி. அதில் தொங்கிய ரொட்டிக்குச் சொந்தக்காரி உலகத்தின் அந்த மூலையிலிருந்து வந்து தின்றுவிட்டுப் போனாள். உங்களுடையதில் மிச்சம் கொஞ்சம்தான், ஒரு கோப்பைத் தேநீருக்குள் தீர்ந்துவிடும்.

புது வருஷத்துக்குள் உங்கள் கையெழுத்து இல்லையென்றால் வயல் போய்விடும், வெங்காயத்தோடு. நல்ல செய்தி கொண்டுவந்தவளுக்குப் பரிசு தராமல் விடுவது நம் ஊரில் இல்லை. அதனால் என் பரிசைக் கேட்கிறேன். பணம் வேண்டாம், துணி வேண்டாம். ஒரு வரி. வருகிறேன் என்று ஒரு வரி. அல்லது, வரவில்லை, நிலத்தை ஹுல்கர் பெயருக்கு எழுதுங்கள் என்று ஒரு வரி. இரண்டில் எது என்றாலும் வாங்கிக்கொள்கிறேன். உங்கள் கையால் இருக்கவேண்டும்.

மொஹிராவின் தம்பி சனிக்கிழமை அங்கே இருப்பான். நீங்கள் எழுதி முடிக்கும்வரை வாசலில் நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

எழுதுங்கள்.

ஹுல்கர்